கைக்கூலிப் போன்

அஸாமுக்கு வாய்க்கு முன்னால் கை வந்துவிடும். கந்தக்குழிக் கரையில் இது எல்லோருக்கும் தெரியும். தராசில் விளையாடிய மீன் வியாபாரி ஒருவனை, அவனுடைய முன்பல்லை மணலில் தேடவைத்தவன் அவன். பக்கத்தில் நின்று "அந்தா கிடக்கு" என்று காட்டிக் கொடுத்ததும் அவன்தான். இப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொண்டுதான் ஸியாத் அவனுடைய தங்கை ஸஹ்னாவைக் கட்டினான். ஸஹ்னாவின் அழகுக்கு ஒரு முரட்டு மச்சானைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். நினைத்ததில் பிழையில்லை. முதல் அடி மட்டும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் விழுந்தது. அதற்குக் காரணம் ஒரு போன்.

ஸியாத் பெண் வீட்டாரிடம் கைக்கூலியாகச் சீதனம் எதுவும் கேட்கவில்லை. இதை அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். "மஹர் குடுத்துக் கட்டுறவன்தான் ஆம்புள. பொண்ணு வீட்டுல கைக்கூலி வாங்குறது ஹறாம்" என்று பள்ளிவாசல் படியில் நின்று ஒரு பிரசங்கமே செய்தான். மாப்பிள்ளைக்கு ஆசையாக ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம் என்று பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தபோதுதான் தலையைச் சொறிந்தான். கைக்கூலி என்று வேண்டாம், அன்பளிப்பாக ஒரு போன் தந்தால் மறுக்க மாட்டேன் என்றான். பெயரை மாற்றினால் பாவமும் மாறிவிடும் என்று நம்புவதில் நம் மாப்பிள்ளைமார் கெட்டிக்காரர்கள்.

அஸாம் அவனைப் புத்தளத்தில் ஒரு போன் கடைக்குக் கூட்டிப் போனான். வாப்பா மவுத்தாகி, தகப்பனில்லாத வீட்டில் தங்கையின் காரியம் முழுக்க அவன் பொறுப்பு. கடைக்காரன் இரண்டு போன்களை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தான். ஒன்று தடித்த கறுப்புப் போன். ரப்பர் சட்டை போட்டது, தண்ணீரில் விழுந்தாலும் சாகாது, ஒரு தரம் சார்ஜ் போட்டால் மூன்று நாள் தாங்கும். மற்றது, தூக்கினால் தூக்கியதே தெரியாத மெல்லிய போன். அதற்குத்தான் விலை கூட.

"விலை கூட, பெட்டரி குறைவு. இது என்ன ஞாயம்?" என்று கேட்டான் அஸாம்.

"மெல்லிசாச் செய்றதெண்டா எதையாவது குறைக்கத்தானே வேணும் நானா," என்றான் கடைக்காரன். "பெட்டரி சின்னன். கெமராவும் ஒண்டுதான். வெயில்ல கொஞ்சம் சூடாகும். ஆனா கையில எடுத்துப் பாருங்க, பாரமே இல்ல."

"பாரமில்லாத சாமான் கடலுக்கு என்னத்துக்கு? டேய் ஸியாத், கறுப்ப எடு. நாம கடலுக்குப் போறவனுகள்."

ஸியாத் கறுப்புப் போனைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "இது போனா, செங்கல்லா மச்சான்? நிக்காஹ் கோட்டுப் பொக்கட்டுல போட்டாக் கட்டி மாதிரித் தள்ளிக்கொண்டு நிக்கும். போட்டோவுல எல்லாம் அது விழும்."

அஸாமின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேசையில் அவன் அடித்த அடியில் கடைக்காரன் இரண்டு போனையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ஆனாலும் மாப்பிள்ளையாகப் போகிறவனைக் கடைக்குள் வைத்து அடிக்க முடியுமா? தங்கையின் முகத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டான். மெல்லிய போனுக்குக் கையில் இருந்தது போதவில்லை. தன் மீன்பிடிப் போட்டில் பூட்டியிருந்த வயர்லெஸ் செட்டைக் கழற்றி விற்று மீதியைக் கட்டினான். கரையோடு கதைக்க ஸியாத்தின் புதுப் போன் இருக்கிறது, என்னுடைய பட்டன் போனும் இருக்கிறது, செட் எதற்கு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

நிக்காஹ் படங்களில் ஸியாத்தின் கோட்டுப் பொக்கட் தட்டையாக, அழகாகத்தான் விழுந்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அவன் அஸாமின் பைபர் போட்டிலேயே தொழிலுக்கு ஏறினான். போனை இடுப்பில் கட்டிய சாரன் மடியில் சுருட்டிச் செருகிக்கொள்வான். எங்கள் கரை ஆண்களுக்குச் சாரன் மடிதான் பொக்கட், பேங்க், அலுமாரி எல்லாம். பழைய தடித்த போன்கள் அந்த மடிக்குள் சிவனே என்று கிடக்கும். இந்தப் போன் அந்த வளர்ப்பில்லை. வலை இழுக்க அவன் குனிந்து நிமிர்ந்ததில் இரண்டாம் வாரத்திலேயே அதற்கு முதுகு வளைந்துவிட்டது. அதே நாள் காற்று மாறுவது போலத் தெரியவும், "காத்து என்னண்டு சொல்லுது, போன்ல பாரு" என்றான் அஸாம். போனில் சார்ஜ் இல்லை. விடிந்ததிலிருந்து ஸியாத் கடலையும் தன் முகத்தையும் மாறி மாறிப் படம் பிடித்திருந்தான்.

அப்போதுதான் அந்த அறை விழுந்தது. ஸியாத்தின் காதுக்குள் கரைக்கு வந்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"வயர்லெஸ்ஸ வித்து ஒனக்கு முகம் பாக்கிற கண்ணாடி வாங்கித் தந்திரிக்கன்!" என்று கத்தினான் அஸாம். "பகலைக்கு மொதல்ல செத்துப்போற சாமானுக்குப் பேரு போனாடா?"

ஸியாத் திருப்பி அடிக்கவில்லை. அடித்தால் கடலுக்குள் கிடப்போம் என்று தெரியும். வீட்டில் ஸஹ்னா அவனுடைய கன்னத்தைப் பார்த்து முதலில் அழுதாள், பிறகு நானாவிடம் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேள்வி கேட்டாள். அஸாம் அன்றே ஒரு கோழியை அறுத்து அனுப்பினான். அடித்தால் கோழி அனுப்புவது அவன் வழக்கம். மன்னிப்புக் கேட்க அவனுக்கு வேறு பாஷை தெரியாது. ஸியாத்துக்குக் கோழி இறங்கியது, கோபம் இறங்கவில்லை. இந்த மனிதன் ஒரு நாளைக்கு என் போனின் அருமையை அறிய வேண்டும் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டான்.

மாசி முடியும் தறுவாயில் அப்படி ஒரு நாள் வந்தது.

கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. கூட வரும் மூன்றாவது ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் போட்டில் அஸாமும் ஸியாத்தும் மட்டும்தான். கரை மெல்லிய கோடாகத் தெரியும் தூரத்தில் வலை போட்டிருந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறும் நேரம் வலையைத் தூக்கத் தொடங்கினார்கள். பாதி வந்ததும் மீதி இறுகி நின்றது. பார்த்தால், தெற்கேயிருந்து வந்த போட் ஒன்றின் வலை குறுக்கே விழுந்து சிக்கியிருந்தது.

வலையும் வலையும் சிக்குவது கடலில் புதினமில்லை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கத்தி எடுக்கக் கூடாது. இரண்டு போட்டும் நெருங்கி வந்து, இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து தூக்கிப் பிரிக்க வேண்டும். அறுக்காமல் தீராது என்றால், அறுக்கப்போகிறேன் என்று கூவிச் சொல்லி, மற்றவன் கையை உயர்த்திய பிறகுதான் அறுக்க வேண்டும். அந்தப் போட்டில் நின்ற மூன்று பேரும் கூவவில்லை. சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன் குனிந்து, அஸாமின் வலையைக் கீரை அரிவதைப் போல அறுத்துக்கொண்டிருந்தான்.

"டேய்! அறுக்காத! வாறன் நில்லுடா!" என்று அஸாம் கத்தினான்.

தொப்பிக்காரன் நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான். பிறகு இன்னொரு பாகத்தையும் அறுத்தான்.

அஸாம் எஞ்சினை முறுக்கினான். போட் பாய்ந்து போய் மற்றப் போட்டின் விலாவில் இடித்தது. தொப்பிக்காரன் மல்லாக்க விழுந்தான். மீன் அடிக்கும் கட்டையைத் தூக்கிக்கொண்டு அஸாம் அந்தப் போட்டுக்குள் குதித்தான். முதல் அடி ஒருவனுடைய தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் ஸியாத்துக்கு இங்கே கேட்டது. அடிபட்டவன் கத்தவில்லை, வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஸியாத் மடியை அவிழ்த்துப் போனை எடுத்தான்.

மீனவர் சங்கத்துக்கு ஆதாரம் வேண்டும், வலையை அறுத்தவனின் முகம் தெளிவாக விழ வேண்டும் என்பது அவன் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் போட்டுக்குள் குதிக்க அவனுக்குத் துணிவு வரவில்லை. போன் கையில் இருக்கும் மட்டும் தானும் ஏதோ வேலை செய்துகொண்டிருப்பது போல இருந்தது. திரைக்குள் பார்த்தபோது அந்தச் சண்டை சின்னதாகவும் கொஞ்சம் தூரத்திலும் நடந்தது. படம் கண்ணாடி போல விழுந்தது. வியர்வையைக்கூட எண்ணலாம் போலிருந்தது.

இன்னொருவன் துடுப்பால் அஸாமின் முதுகில் ஓங்கி அடித்தான். கட்டை கைநழுவிக் கடலில் விழுந்தது. அஸாம் திரும்பி அவனுடைய கழுத்தைப் பிடித்து, போட்டின் விளிம்பில் முகத்தை வைத்துத் தேய்த்தான். மூக்கிலிருந்து இரத்தம் போட்டின் வெள்ளைப் பெயின்டில் கோடு இழுத்தது.

"ஸியாத்! போன வச்சிட்டு வாடா!"

ஸியாத்துக்குக் கேட்டது. 'இதோ, அந்தத் தொப்பிக்காரனின் முகம் மட்டும் விழட்டும்' என்று நினைத்தான். தொப்பிக்காரன் அப்போது எழும்பிக்கொண்டிருந்தான். அவனைத் தடுக்க அஸாமின் கையில் ஒன்றும் இல்லை. மடிக்குள் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த பட்டன் போனை உருவி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து எறிந்தான். அது தொப்பிக்காரனின் நெற்றியில் பட்டுப் புருவத்தைப் பிளந்துவிட்டு, துள்ளிக் கடலுக்குள் போனது. ஒரு கண்ணை இரத்தம் மூட, தொப்பிக்காரன் மறு கண்ணால் குறி பார்த்தான். வலை அறுத்த கத்தி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"வாடா ஸியாத்!"

கத்தி கீழேயிருந்து மேலாக வீசப்பட்டது. அஸாமின் தொடை சாரனோடு சேர்ந்து திறந்துகொண்டது.

பிறகு நடந்தது சண்டையில்லை. விழுந்தவனைத் துடுப்பால் அடித்தார்கள், காலால் மிதித்தார்கள். இருவர் சேர்ந்து மூட்டையைப் போலத் தூக்கி அவனை அவனுடைய போட்டுக்குள் எறிந்தார்கள். தொப்பிக்காரன் பின்னாலேயே குதித்து வந்து எஞ்சினுக்குப் போகும் எண்ணெய்க் குழாயை அறுத்து, எண்ணெய்க் கேனைத் தூக்கிக் கடலில் போட்டான். ஸியாத் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மறுகையை உயர்த்தினான்.

"எனக்கு அடிக்காதீங்க. நான் ஒண்டும் செய்யல்ல," என்றான்.

அது உண்மைதான். அவன் ஒன்றும் செய்யவில்லை. தொப்பிக்காரன் அவனுடைய முகத்தில் துப்பிவிட்டுத் தன் போட்டுக்குப் போனான். எஞ்சின் இரைந்து, சிறுத்து, தெற்கே மறைந்தது.

ஸியாத் தன் சட்டையைக் கிழித்து அஸாமின் தொடையில், வெட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினான். துணி உடனே சிவந்தது. கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்து அதற்கு மேல் சுற்றி, கத்திப் பிடியைக் கொடுத்து முறுக்கினான். பீறிட்டது நின்றது, கசிவது நிற்கவில்லை. அஸாமின் உதடு வெளுத்திருந்தது.

"போன் எடு. ஸாஜித்துக்கு எடு," என்றான் அஸாம். ஸாஜித் அவனுடைய கூட்டாளி. அவனுடைய போட் அன்றைக்குக் கரையில் நின்றது. வேகமான எஞ்சின், செய்தி கிடைத்தால் வந்து சேர அதிக நேரம் எடுக்காது.

ஸியாத் போனைப் பார்த்தான். படம் பிடித்து முடித்தபோது மூலையில் சார்ஜ் பதினாலு வீதம் என்று இருந்தது ஞாபகம். இப்போது திரை முழுக்க ஒரே அறிவிப்புத்தான். போன் சூடாகிவிட்டது, ஆறும்வரை பாவிக்க முடியாது. தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலச் சுட்டது. உச்சி வெயிலில் அவ்வளவு நேரம் படம் பிடித்தால் சூடு எங்கே போகும்? அந்த ஒல்லி உடம்புக்குள் சூடு போய் ஒதுங்க இடமே இல்லை.

அழைக்கப் பார்த்தான். விடவில்லை. சாரன் தலைப்பால் விசிறினான். சாகக் கிடக்கிறவனுக்கு விசிறுவதுபோல விசிறியும் அறிவிப்புப் போகவில்லை. அஸாமின் காலடியில் இரத்தம் பலகை இடுக்குகளில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அவன் கண்ணில் ஐஸ் பெட்டி பட்டது.

கடலில் கெட்டுப்போகிற எதையும் நாங்கள் ஐஸுக்குள் வைப்போம். மீனை வைப்போம், குடிக்கிற தண்ணீரை வைப்போம், வெயிலில் மயங்கியவனின் தலையில் வைப்போம். சூட்டுக்கு மருந்து ஐஸ் என்பது எங்கள் கைக்குத் தெரிந்த சங்கதி. அதற்குப் புத்தியிடம் கேட்கத் தேவையில்லை. ஸியாத் மூடியைத் திறந்து, உடைத்த ஐஸை வாரி ஒதுக்கி, பொலித்தீனில் சுற்றிய போனை இரண்டு பாரை மீன்களுக்கு நடுவில் வைத்து, மேலேயும் ஐஸை அள்ளிப் போட்டு மூடினான்.

அஸாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நோவுக்குள்ளும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"ஓம். நல்லாப் பொத. இண்டைக்குத்தான்டா ஒரு கடல்காரண்ட வேல செஞ்சிரிக்கா."

அவன் வாயிலிருந்து ஸியாத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அந்த நேரத்திலும் ஸியாத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து வெளியே எடுத்தான். போன் மீனைப்போல விறைத்திருந்தது. அறிவிப்புப் போய்விட்டது. திரை பளிச்சென்று எரிந்தது. கடைசியாகக் கதைத்த பெயர் ஸஹ்னா; விரல் அதில்தான் பட்டது. யாராயிருந்தால் என்ன, கரையில் ஒரு காது போதும். ஒரு தரம் ரிங் போனது. ஸியாத் "அல்லாஹ்!" என்று கத்தினான். அந்தச் சத்தம் ஓய முதல் திரை கறுத்தது.

பொத்தானை அமத்தினான். வெறும் பெட்டரியின் படம் ஒன்று சிவப்பாகத் தோன்றி மறைந்தது. மறுபடி அமத்தினான். அதுவும் வரவில்லை.

"என்னடா?"

"செத்துப்போச்சி மச்சான்."

அவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, போனைப் பழக்கத்தில் சாரன் மடிக்குள் சுருட்டிச் செருகினான். துடுப்பை எடுத்தான். அந்தப் பாரமான போட்டை ஒற்றை ஆளாக வலிப்பது இலேசான காரியமில்லை. முன்னால் ஒரு முழம் போனால் நீரோட்டம் அரை முழம் பின்னால் இழுத்தது. உள்ளங்கைத் தோல் உரிந்து துடுப்பில் ஒட்டியது. அவன் நிறுத்தவில்லை. அழுதுகொண்டு வலித்தான், அந்தத் தொப்பிக்காரனின் வாப்பாவையும் உம்மாவையும் இழுத்து ஏசிக்கொண்டு வலித்தான். வெயில் முதுகைக் கொப்புளமாக்கியது. வயிற்றில் வியர்வை ஊற்றாக ஓடி மடியை நனைத்தது.

"ஸியாத்."

"என்ன மச்சான்? கரை தெரியுது. பள்ளி மினாரா தெரியுது. கொஞ்சம் பொறுங்க."

"அந்தப் போன இன்னொருக்கா அமத்திப் பாரு."

"அது செத்துப்போச்செண்டு சொன்னன்தானே."

"அமத்திப் பாரன்டா. அமத்தினா என்ன, கைய கடிக்குமா?"

ஸியாத்துக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த மனிதனிடம் எத்தனை நாள் அந்தப் போனுக்காக ஏச்சு வாங்கியிருக்கிறான்? இப்போதும் அதே பேச்சு. துடுப்பை விட்டால் போட் பின்னால் போகும். சார்ஜ் முடிந்த போனை ஆயிரம் தரம் அமத்தினாலும் அது வராது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"ஒங்களுக்குப் போன் விளங்காது மச்சான். பேசாமக் கிடங்க!" என்று சீறினான்.

அஸாம் பேசாமல் கிடந்தான். வாழ்க்கையில் முதல் தரம் அவன் ஒருவனுடைய சொல்லுக்கு அடங்கினான். ஒரு கை மட்டும் போட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கேட்டான். ஸியாத் கொடுத்தான். பாதி உள்ளே போனது, பாதி தாடியில் வழிந்தது. அதற்குப் பிறகு கையும் விளிம்பிலிருந்து நழுவியது.

"மச்சான்! கண்ண மூடாதீங்க! மச்சான்!"

ஸியாத் துடுப்பைப் போட்டுக்குள் எறிந்துவிட்டு ஓடிப்போய் அவன் தலையை மடியில் ஏந்தினான். அஸாமின் உதடு அசைந்தது. என்ன செய்ய வேண்டும் என்று ஸியாத்துக்குத் தெரியும். ஆனால் அதைச் செய்தால் எல்லாம் முடிந்தது என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். அதனால் முதலில் கன்னத்தில் தட்டினான், பிறகு அடித்தான், பிறகு ஓங்கி அறைந்தான். இவ்வளவு நாள் அறைய நினைத்த கன்னம். ஒன்றுக்கும் அஸாம் திருப்பி அடிக்கவில்லை. கடைசியில் ஸியாத் அவனுடைய காதுக்குள் குனிந்து, சாகும் நேரத்துக்கு உரிய கலிமாவைச் சொல்லிக் கொடுத்தான். உதடு கூடவே அசைந்து வந்து, பாதியில் நின்றது.

ஸியாத் மறுபடி துடுப்பு வலித்து, போட் மணலில் முட்டியபோது கரையில் நின்ற ஆண்கள் முதலில் பகிடிதான் விட்டார்கள். "என்ன மாப்புள, எஞ்சினுக்கும் சார்ஜ் முடிஞ்சா?" என்று யாரோ ஒருவன் கேட்டான். ஸாஜித் இடுப்பளவு தண்ணீரில் வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் போட்ட அலறலில் அறுந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தவர்களும் எழும்பி ஓடி வந்தார்கள்.

மையமாய்க் கிடந்த அஸாமின் உடலை மணலில் இறக்கினார்கள். ஸியாத் நடந்ததைச் சொன்னான். வலை அறுத்தது, கத்தி, எண்ணெய்க் குழாய் எல்லாம் சொன்னான். போனுக்குள் பார்த்தபடி தான் நின்ற இடத்தை மட்டும் சொல்லவில்லை. ஸாஜித் எங்கிருந்தோ ஒரு கோடரியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "யாரடா அவனுகள்? எந்தக் கரை? இப்பவே போய்ப் போட்டோட கொழுத்துறன்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். நாலைந்து பேர் பெற்றோல் கேன் தேடி ஓடினார்கள். ஒருவன் ஸியாத்தின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ஆளத் தெரியுமா? சொல்லுடா!"

"தெரியும்," என்றான் ஸியாத். "முகம் எல்லாம் வீடியோவுல இரிக்கி. தெளிவா இரிக்கி. ஆனா சார்ஜ் இல்ல. வீட்ட போய்ச் சார்ஜ் போட்டாத்தான் காட்டலாம்."

அப்போதுதான் கூட்டம் விலகி ஸஹ்னாவுக்கு வழிவிட்டது. அவள் ஓடி வந்த வேகத்தில் முக்காடு தோளில் கிடந்தது. நானாவின் முகத்தைத் தடவினாள். நெற்றியை நெற்றியில் வைத்து முட்டினாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். வெகு நேரத்துக்குப் பிறகு நிமிர்ந்து ஸியாத்தைப் பார்த்தாள்.

"ஒங்கட கோல் ஒண்டு வந்திச்சே. ஒரு ரிங் போய்க் கட்டாயிட்டு. நான் எத்தின தரம் திரும்ப எடுத்தன்! ஒங்கட போன் ஓஃப் எண்டு வந்திச்சி."

"சார்ஜ் முடிஞ்சிட்டு ஸஹ்னா."

"ஓம். ஸாஜித் நானாவும் அதத்தான் சொன்னாரு. அந்தப் போன் எந்த நாளும் பகலைக்கு சாகுறதுதானே, பயப்படாதீங்க எண்டு சொன்னாரு. அதான் யாரும் வரல்ல." அவள் கையை நீட்டினாள். "தாங்க. எங்க நானாவ வெட்டினவன நான் பாக்கணும். யாருட்டயாவது சார்ஜர் இரிக்கும்."

ஸியாத் மடியை அவிழ்த்துப் போனை எடுத்துக் கொடுத்தான். வயிற்றுச் சூட்டில் அது ஆள் தொட்டது போல வெதுவெதுப்பாக இருந்தது. வாங்கியவள், போனை வாங்கினால் யாரும் செய்வதைத்தான் செய்தாள். பக்கத்திலிருந்த பொத்தானை அமத்தினாள்.

திரை எரிந்தது.

முதலில் வெள்ளை வெளிச்சம், பிறகு அவர்களுடைய நிக்காஹ் படம். மேலே மூலையில் சார்ஜ் ஒன்பது வீதம் என்று நின்றது. பிறகு தவறிய அழைப்புகளின் செய்திகள் வரத் தொடங்கின. ஸஹ்னா, ஸஹ்னா, ஸஹ்னா என்று ஒன்றன்மேல் ஒன்றாக, டிங் டிங்கென்று அந்த ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கரால் கத்திக்கொண்டு வந்தன. கோடரியோடு நின்ற ஸாஜித்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"இதுல சார்ஜ் இரிக்கே," என்றாள் ஸஹ்னா.

ஸியாத் போனை எட்டிப் பார்த்தான். "இல்ல... அது செத்துப்போயிட்டு. சூடாகிட்டெண்டு ஐஸுக்குள்ள வச்சன். எடுத்து ஒரு ரிங் போனதும் செத்துப்போயிட்டு. அல்லாஹ்மேல சத்தியமா."

"ஐஸுக்குள்ள வச்சியா?" ஸாஜித் கோடரியை இறக்கினான். "குளிருக்குப் பெட்டரி விறைச்சிரிக்கும்டா. அதுவும் இந்தத் துளிப் பெட்டரி. சூட்டுல கொஞ்ச நேரம் வச்சா திரும்ப எழும்பும். இவ்வளவு நேரமும் எங்க வச்சிருந்தா?"

ஸியாத் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தான். அவிழ்ந்த மடியைக் கையால் பிடித்தபடி நின்றான். எவ்வளவு நேரம் வலித்தானோ அவ்வளவு நேரமும் அது அந்த வயிற்றில்தான் உயிரோடு கிடந்திருக்கிறது. அஸாம் தண்ணீர் கேட்டபோதும் கிடந்திருக்கிறது. மினாரா தெரிகிறது என்று பொய்யும் மெய்யுமாக ஆறுதல் சொன்னபோதும் கிடந்திருக்கிறது. ஸாஜித்தின் போட் கரையில் சும்மா நின்றது. ஒரே ஒரு தரம் கையை மடிக்குள் விட்டிருந்தால்!

ஸஹ்னா எழும்பி அவனுக்கு நேரே வந்து நின்றாள். அழுகை நின்றிருந்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"எங்க நானா ஒரு விசயத்த லேசில விடமாட்டாரு," என்றாள். "செத்துப்போச்செண்டு நீங்க சொன்ன உடனே கேட்டுட்டு சும்மா கிடந்திரிக்க மாட்டாரு. திரும்ப அமத்திப் பாருண்டு சொல்லல்லயா அவரு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கடலில் நடந்ததற்குச் சாட்சி ஒருவரும் இல்லை. இருந்த ஒருவன் மணலில் கிடந்தான். ஸியாத் அவனைத்தான் பார்த்தான். தாடியில் தண்ணீர் காய்ந்திருந்தது.

"சொன்னாரு," என்றான்.

ஸஹ்னா முதலில் போனால் அவனுடைய முகத்தில் அடித்தாள். அது நடுவால் முறிந்து இரண்டாகி மணலில் விழுந்தது. பிறகு கையால் அடித்தாள். உதடு கிழிந்து இரத்தம் வந்தது. ஸியாத் கையைத் தூக்கவில்லை. கூட்டத்தில் நின்ற யாரும் அவளைப் பிடிக்கப் போகவுமில்லை.